சூரிய மின்சாரமும் வீட்டு பேட்டரியும்: வாங்கும் முன் ஒரு கணக்கு

(எங்கள் கிளையின் உறுப்பினர் கூட்டத்தில் ஆற்றிய உரை. பிற நகரங்களில் உள்ள அங்கத்தினர்களுக்கும் பயன்படும் என்று செயலாளர் விரும்பியதால் எழுத்து வடிவில் தரப்படுகிறது.)



சென்ற கூட்டம் முடிந்து காபி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது நான்கைந்து பேர் என்னிடம் ஒரே விஷயத்தை விசாரித்தார்கள். "மாடியில் சோலார் போட்டாகிவிட்டது. இப்போது பேட்டரியும் போடச் சொல்கிறார்கள். போடலாமா? எது நல்லது? எவ்வளவு பெரியது?" இதைப் பற்றிப் பொதுவாகவே பேசிவிடுங்கள் என்று செயலாளர் கட்டளையிட்டுவிட்டார்.

நான் மின் பொறியாளன் அல்ல. 1970ல் பௌதிகத்தில் பி.எஸ்ஸி. முடித்தவன். பிறகு முப்பத்தாறு வருஷம் சர்க்கார் உத்தியோகத்தில் கோப்புகளோடும் டெண்டர்களோடும் காலம் கழித்தவன். ஓம் விதி இன்னும் மறக்கவில்லை. விலைப்புள்ளியை வரி வரியாகப் படிக்கும் பழக்கமும் போகவில்லை. இந்த விஷயத்துக்கு இவை இரண்டும் இருந்தால் பெரும்பாலும் போதும் என்பது என் அபிப்பிராயம்.

இது ஏன் நமக்கு முக்கியம்? நம் அங்கத்தினர்களில் பலர் கணவன், மனைவி இருவராகத் தனியாக இருக்கிறார்கள். பிள்ளைகள் அமெரிக்காவிலோ சிங்கப்பூரிலோ. பேட்டரிக்குச் செலவழிக்கும் பணம் பெரும்பாலும் ஓய்வுக்கால சேமிப்பிலிருந்து வருகிறது. அதே சமயம், நாற்பத்தைந்து டிகிரி வெயில் அடித்த நாளில் ராத்திரி இரண்டு மணிக்கு விசிறி நின்றால் எழுபத்தைந்து வயதில் அது வெறும் அசௌகரியம் மட்டும் இல்லை. சிலர் வீட்டில் ஆக்சிஜன் இயந்திரம் ஓடுகிறது. சிலருக்கு இன்சுலின் ஃப்ரிட்ஜில் இருக்கிறது. ஆகவே பணத்தையும் வீணாக்கக் கூடாது, பாதுகாப்பையும் விட்டுவிடக் கூடாது.

முதலில் ஒரு அடிப்படை விஷயம். மாடியில் பேனல் இருந்தால் கரண்ட் போனாலும் வீட்டில் மின்சாரம் இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. இன்று வீடுகளில் போடப்படும் சோலார் பெரும்பாலும் மின்வாரியக் கம்பியோடு இணைந்தது. கம்பியில் மின்சாரம் நின்ற உடனே சோலார் இன்வெர்ட்டரும் தானாக நின்றுவிடும். இது கோளாறு அல்ல, வேண்டுமென்றே செய்த ஏற்பாடு. தெருவில் கம்பத்தின்மீது ஏறி வேலை செய்யும் லைன்மேன், கரண்ட் இல்லை என்று நம்பித்தான் கம்பியைத் தொடுகிறார். நம் வீட்டு மாடியிலிருந்து மின்சாரம் கம்பிக்குப் போனால் அவர் உயிருக்கு ஆபத்து. ஆகவே உச்சி வெயில் காய்ந்துகொண்டிருக்கும்போதே, மாடியில் மூன்று கிலோவாட் பேனல் இருந்தும், கீழே விசிறி சுற்றாது.

இதிலிருந்து தெரிவது என்ன? பேனல் செய்யும் வேலை வேறு, பேட்டரி செய்யும் வேலை வேறு. பேனல் பில்லைக் குறைக்கிறது. பேட்டரி கரண்ட் இல்லாதபோது வீட்டை நடத்துகிறது. விற்பவர்கள் இரண்டையும் ஒரே பொட்டலமாகக் கட்டி, "பேட்டரியும் போட்டால் பில் பூஜ்யம், போட்ட பணம் திரும்ப வந்துவிடும்" என்று சொல்கிறார்கள். இந்த ஒரு வாக்கியத்தைத்தான் இன்று நாம் கணக்குப் போட்டுப் பார்க்கப் போகிறோம்.

நம் நாட்டில் ஒரு கிலோவாட் பேனல் சராசரியாக நாளொன்றுக்குச் சுமார் நான்கு யூனிட் கொடுக்கும். வடக்கே டிசம்பர், ஜனவரி பனிமூட்டத்திலும், மேற்குக் கரையில் மழைக்காலத்திலும் குறையும். மூன்று கிலோவாட் போட்டால் சுமார் பன்னிரண்டு யூனிட். பகலில் வீட்டில் செலவாவது போக மிச்சம் கம்பிக்குப் போகிறது. நெட் மீட்டர் இருந்தால் அந்த மிச்சம் கணக்கில் வரவு வைக்கப்பட்டு ராத்திரி நாம் எடுப்பதோடு கழிக்கப்படும். வங்கியில் பணம் போட்டு எடுப்பது மாதிரி. போட்ட யூனிட்டுக்கு எடுத்த யூனிட் சரியாகிவிடும் இடத்தில், தினசரிச் சிக்கனத்துக்காக பேட்டரி வைப்பதில் ஒரு பைசா லாபம் இல்லை.

எல்லா மாநிலத்திலும் விதி ஒன்றாக இல்லை. சில இடங்களில் நாம் கொடுக்கும் யூனிட்டுக்குக் குறைந்த விலைதான் தருவார்கள். 2023ல் மத்திய அரசு திருத்திய மின் நுகர்வோர் உரிமை விதிகளின்படி, வெயில் நேரத்துக்கு ஒரு விலை, மாலை உச்ச நேரத்துக்கு ஒரு விலை என்ற முறையும் வருகிறது. விவசாயம் தவிர மற்ற எல்லா நுகர்வோருக்கும் 2025 ஏப்ரல் 1க்குள் இது வர வேண்டும் என்பது விதி. வெயில் நேரத்தில் சாதாரண விலையைவிடக் குறைந்தது 20 சதவீதம் குறைவு, உச்ச நேரத்தில் வீடுகளுக்குக் குறைந்தது 10 சதவீதம் அதிகம். உங்கள் மாநிலத்தில் இது எந்த அளவுக்கு நடைமுறையில் இருக்கிறது என்பது பில்லைப் பார்த்தால் தெரியும்.

சரி, இந்த வித்தியாசத்தில் பேட்டரி லாபம் தருமா? கணக்குக்காக ஐந்து யூனிட் கொள்ளளவுள்ள லித்தியம் பேட்டரி ஒன்றரை லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். உங்களுக்கு வேறு விலை சொன்னால் அதைப் போட்டுக்கொள்ளுங்கள். பேட்டரியை அடிமட்டம் வரை காலி செய்யக் கூடாது. 80 சதவீதம் எடுத்தால் 4 யூனிட். இன்வெர்ட்டரில் ஒரு பத்து சதவீதம் சேதாரம் போனால் கைக்கு வருவது 3.6 யூனிட். பத்து வருஷம், ஒரு நாள் விடாமல் பயன்படுத்தினால் 13,140 யூனிட். ஒன்றரை லட்சத்தை அதனால் வகுத்தால் யூனிட்டுக்கு ரூ.11.40 வருகிறது. இது மின்சாரத்தின் விலை அல்ல, மின்சாரத்தை எடுத்து வைப்பதற்கு மட்டும் ஆகும் கூலி. சாதாரண விலை யூனிட்டுக்கு ஏழு ரூபாய் என்றால், வெயில் நேரத்தில் ரூ.5.60, உச்ச நேரத்தில் ரூ.7.70. வித்தியாசம் ரூ.2.10. இரண்டு ரூபாய் பத்து காசு மிச்சம் பிடிக்கப் பதினோரு ரூபாய் நாற்பது காசு கூலி கொடுப்பதை நம் வீட்டுப் பெண்மணிகள் யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

பேட்டரி விலை இறங்கிக்கொண்டு வருகிறது. ஒருநாள் இந்தக் கணக்கு மாறலாம். அப்போதும் இதே மாதிரி வகுத்துப் பாருங்கள். விலை மாறினாலும் கணக்குப் போடும் முறை மாறாது.

அப்படியானால் பேட்டரி வேண்டாமா என்றால், வேண்டும், தேவைப்படுகிற வீட்டுக்குக் கட்டாயம் வேண்டும். ஆனால் அதை இன்ஷூரன்ஸ் பிரீமியம் மாதிரி நினைத்து வாங்குங்கள். ஆஸ்பத்திரி இன்ஷூரன்ஸில் போட்ட பணம் திரும்பி வந்ததா என்று யாரும் கேட்பதில்லை. 2012 ஜூலை 30, 31 தேதிகளில் வடக்கே ஆரம்பித்து கிழக்கு, வடகிழக்கு வரை மின்தொடர் அறுந்ததை இங்கே பலர் அனுபவித்திருப்பீர்கள். சுமார் 60 கோடி மக்களுக்கு மின்சாரம் இல்லாமல் போயிற்று. அந்த மாதிரி நாளில் ஒரு யூனிட் பதினோரு ரூபாயா, நூறு ரூபாயா என்று யார் பார்ப்பார்கள்? இன்ஷூரன்ஸ் என்று தெளிவாகிவிட்டால் அடுத்த கேள்வி தானாக வருகிறது: எதற்காக, எத்தனை மணி நேரத்துக்கு?

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் நடந்ததைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். அவருக்கு வயது எழுபத்தெட்டு. மாமிக்கு நுரையீரல் உபாதை, ராத்திரி முழுவதும் ஆக்சிஜன் இயந்திரம் ஓட வேண்டும். வெளிநாட்டிலிருக்கும் பிள்ளை, "அப்பா, பணத்தைப் பார்க்காதே, பெரியதாகவே போட்டுவிடு" என்று சொல்லிவிட்டான். விற்க வந்தவர் "வீடு முழுவதும் பேக்கப்" என்று பதினைந்து யூனிட் பேட்டரி போட்டார். இரண்டு ஏ.சி., தண்ணீர் மோட்டார், ஃப்ரிட்ஜ் எல்லாம் அதில். பிக்சட் டெபாசிட் ஒன்று அதற்காக உடைக்கப்பட்டது.

2024 கோடை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். ஜூன் 19 அன்று டெல்லியின் மின் தேவை 8,656 மெகாவாட்டைத் தொட்டது. அந்த மாதத்தில் ஒரு ராத்திரி எங்கள் பக்கம் கரண்ட் போயிற்று. அவர் வீட்டில் இரண்டு ஏ.சி.யும் ஓடிக்கொண்டிருந்தன. மேல் தொட்டியில் தண்ணீர் குறைந்ததும் மோட்டாரும் தானாகக் கிளம்பியது. மோட்டார் கிளம்பும் அந்த நொடியில் சாதாரணமாக இழுப்பதைப்போலப் பல மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். இன்வெர்ட்டர் தாங்காமல் நின்றுவிட்டது. அதைத் திரும்பப் போட வேண்டுமென்றால் மாடிப்படி முடிகிற சின்ன அறைக்குப் போக வேண்டும். இருட்டில், டார்ச்சைப் பிடித்துக்கொண்டு, எழுபத்தெட்டு வயதுக்காரர் இரண்டு மாடி ஏறினார். கீழே மாமிக்கு மூச்சு இரைக்கிறது. நல்ல வேளையாகக் கட்டிலுக்குப் பக்கத்தில் சிலிண்டர் இருந்தது. அடுத்த வீட்டுப் பையன் ஓடி வந்து அதைத் திறந்து மாட்டினான். அந்தப் பத்து நிமிஷத்தை அவர் இன்றைக்கும் சொல்லும்போது குரல் தழுதழுக்கிறது. பேட்டரியில் அப்போது முக்கால்வாசிக்கு மேல் சார்ஜ் இருந்தது என்பதைக் கவனியுங்கள்.

மறுநாள் என்னைக் கூப்பிட்டார். ஒரு நல்ல எலக்ட்ரீஷியனோடு உட்கார்ந்து கணக்குப் பார்த்தோம். ஆக்சிஜன் இயந்திரம் 350 வாட். இரண்டு விசிறி, சில விளக்குகள், ஃப்ரிட்ஜ் எல்லாம் சேர்த்துச் சராசரியாக 300 வாட். மொத்தம் 650 வாட். இவற்றுக்கு மட்டும் தனி ஒயர், தனி டி.பி. பெட்டி. ஏ.சி., மோட்டார், கீஸர் மூன்றையும் பேட்டரிப் பக்கத்திலிருந்து எடுத்து நேராக மின்வாரிய இணைப்பில் விட்டோம். இன்வெர்ட்டரைத் தரைத்தளத்துக்குக் கொண்டுவந்தோம். செலவு சில ஆயிரம் ரூபாய். பேட்டரியில் ஒரு யூனிட் கூடக் கூட்டவில்லை. ஆனால் முன்பு இரண்டு ஏ.சி.யோடு மூன்று மணி நேரம் தாங்கியது இப்போது பதினாறு மணி நேரம் தாங்கும். ஆரம்பத்திலேயே இப்படிப் பிரித்துப் போட்டிருந்தால் ஐந்து யூனிட் பேட்டரியே ஐந்தரை மணி நேரம் தாங்கியிருக்கும். வாங்கியதில் மூன்றில் ஒரு பங்கு!

ஆகவே பேட்டரி வாங்கும் முன் ஒரு காகிதத்தை எடுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வாருங்கள். கரண்ட் இல்லாதபோது எது ஓடியே ஆக வேண்டும் என்று எழுதுங்கள். ஒரு சாதாரண வீட்டுக்கு உதாரணம் சொல்கிறேன். விசிறி நான்கு, தலா 75 வாட், ஆக 300. எல்.இ.டி. விளக்குகள் 60. டி.வி. 80. இன்டர்நெட் பெட்டி 10. கூட்டினால் 450 வாட். நான்கு மணி நேரத்துக்கு 1.8 யூனிட். ஃப்ரிட்ஜுக்கு 0.2 சேர்த்தால் 2 யூனிட். நான் சொன்ன சேதாரத்தையெல்லாம் சேர்த்தால் மூன்று யூனிட் லித்தியம் பேட்டரி போதும். பழைய விசிறிகளை எடுத்துவிட்டு 30 வாட்டில் ஓடும் பி.எல்.டி.சி. விசிறி போட்டால் தேவை இரண்டு யூனிட்டிலிருந்து 1.3க்கு இறங்கிவிடும். பேட்டரியைப் பெரிதாக்குவதைவிட விசிறியை மாற்றுவது மலிவு. கரண்ட் பில்லும் குறையும்.

மிக்ஸி 750 வாட். மேஜைமேல் வைக்கும் கிரைண்டர் 150 வாட்தான், இட்லிக்கு அரைப்பது நிற்காது. கீஸர், இண்டக்ஷன் அடுப்பு இரண்டும் 2,000 வாட் பக்கம். அவற்றை பேட்டரியில் போடவே வேண்டாம்.

இங்கே இரண்டு அளவுகளைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. யூனிட், அதாவது கிலோவாட்-மணி, என்பது தொட்டியில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பது. கிலோவாட் என்பது குழாய் எவ்வளவு பெரியது என்பது. தொட்டி பேட்டரி, குழாய் இன்வெர்ட்டர். பெரிய தொட்டியில் சின்னக் குழாய் வைத்து எல்லா இடத்திலும் ஒரே சமயத்தில் தண்ணீர் திறந்தால் என்ன ஆகும் என்பதைத்தான் அந்த வீட்டில் பார்த்தோம். "ஐந்து கிலோவாட் பேனலுக்கு ஐந்து கிலோவாட் பேட்டரி" என்று யாராவது சொன்னால் அதற்கு அர்த்தமே இல்லை. பேனலின் அளவை உங்கள் பில் தீர்மானிக்கிறது, பேட்டரியின் அளவை அந்தக் காகிதத்தில் எழுதிய பட்டியல் தீர்மானிக்கிறது.

அடுத்து, எந்த வகை? நமக்குப் பழக்கமான ஈயம்-அமில பேட்டரியை 1859ல் பிரான்ஸில் காஸ்டன் பிளாண்டே கண்டுபிடித்தார். இன்றும் உழைக்கிறது. வீட்டு இன்வெர்ட்டரில் இருக்கும் 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி டியூபுலர் பேட்டரி ஒன்றில் 1.8 யூனிட் இருப்பதாகக் கணக்கு. ஆனால் பாதிக்குமேல் அடிக்கடி காலி செய்தால் ஆயுள் குறையும், ஆகவே கையில் கிடைப்பது 0.9 யூனிட்தான். நான் சொன்ன இரண்டு யூனிட் தேவைக்குச் சேதாரத்தோடு மூன்று பேட்டரி வேண்டும். இன்வெர்ட்டர்கள் பெரும்பாலும் ஒன்று, இரண்டு அல்லது நான்கு பேட்டரிக்கே வருவதால் நடைமுறையில் நான்கு. சில மாதங்களுக்கு ஒருமுறை டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற வேண்டும். சூடு பத்து டிகிரி கூடினால் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும்.

லித்தியத்திலும் வகைகள் உண்டு. வீட்டுக்கு ஏற்றது லித்தியம் இரும்பு பாஸ்பேட், சுருக்கமாக எல்.எஃப்.பி. மற்ற லித்தியம் வகைகளைவிட அதிகச் சூட்டைத் தாங்கும், எளிதில் தீப்பற்றாது. எரியவே எரியாது என்று சொல்பவரை நம்ப வேண்டாம். 80 சதவீதம் வரை தைரியமாக எடுக்கலாம், தண்ணீர் ஊற்ற வேண்டாம், ஆயிரக்கணக்கான தடவை சார்ஜ் செய்யலாம். இந்த வகையை 1997ல் அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழகத்திலிருந்து உலகுக்கு அறிவித்த கட்டுரையில் ஜான் குட்இனஃபோடு ஏ.கே. பாதி, கே.எஸ். நஞ்சுண்டசுவாமி என்ற இரண்டு இந்தியப் பெயர்களும் இருக்கின்றன. குட்இனஃபுக்கு லித்தியம் பேட்டரி ஆராய்ச்சிக்காக 2019ல் நோபல் பரிசு கிடைத்தபோது வயது 97. நமக்கெல்லாம் இன்னும் நேரம் இருக்கிறது!

மாதம் ஒன்றிரண்டு தடவை, ஒரு மணி நேரம்தான் கரண்ட் போகும் என்றால் இப்போதிருக்கும் ஈய பேட்டரியே போதும், மாற்ற வேண்டியதில்லை. தினமும் மணிக்கணக்காகப் போகும் ஊரிலும், ராத்திரி முழுவதும் இயந்திரம் ஓட வேண்டிய வீட்டிலும், தண்ணீர் ஊற்றிப் பராமரிக்க ஆள் இல்லாத இடத்திலும் லித்தியம் சிறந்தது.

ஏற்கனவே பேட்டரி இல்லாத சோலார் போட்டவர்களுக்கு மூன்று வழிகள். ஒன்று, பழைய சோலார் இன்வெர்ட்டரை எடுத்துவிட்டு ஹைபிரிட் இன்வெர்ட்டர் போடுவது. இதில் கரண்ட் இல்லாத பகலிலும் பேனல் பேட்டரியை நிரப்பும். இன்வெர்ட்டரை மாற்றுவதற்கு முன் மின்வாரியத்துக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும். இரண்டு, பழையதை அப்படியே வைத்துக்கொண்டு பேட்டரிக்கென்று தனி இன்வெர்ட்டர் சேர்ப்பது. இரண்டு இன்வெர்ட்டரும் ஒத்துப்போகுமா என்று கேட்டு எழுதி வாங்க வேண்டும். மூன்று, சோலாரைத் தொடவே தொடாமல், முக்கிய விளக்கு, விசிறிகளுக்கு மட்டும் சாதாரண வீட்டு இன்வெர்ட்டரும் பேட்டரியும் வைப்பது. அது மின்வாரியக் கரண்டில் சார்ஜ் ஆகும். ஒரு மணி, இரண்டு மணி மின்வெட்டுக்கு இந்த மூன்றாவது வழியே எளிது, மலிவு. இதை விற்பவர்கள் யாரும் தாங்களாகச் சொல்ல மாட்டார்கள்.

ஃப்ளாட்டில் இருப்பவர்களும் கவலைப்பட வேண்டாம். பேட்டரி இருக்கப் பேனல் கட்டாயம் இல்லை. மாடி பொதுச் சொத்து என்றால் லிஃப்ட், தண்ணீர் பம்புக்குச் சொஸைட்டியாகச் சேர்ந்து பேனல் போடலாம். 2024 பிப்ரவரியில் தொடங்கிய பி.எம். சூர்ய கர் திட்டத்தில் தனி வீட்டுக்கு இரண்டு கிலோவாட்டுக்கு ரூ.60,000, மூன்று கிலோவாட்டும் அதற்கு மேலும் ரூ.78,000 என்று மத்திய மானியம் வைத்தார்கள். குடியிருப்புச் சங்கங்களின் பொது உபயோகத்துக்குக் கிலோவாட்டுக்கு ரூ.18,000. இந்த மானியம் பேனலுக்குத்தான். பேட்டரிக்கும் இதே மானியம் உண்டு என்று யாராவது சொன்னால், உத்தரவின் நகலைக் காட்டச் சொல்லுங்கள்.

இனி, எங்கே வைப்பது. மொட்டை மாடித் தகரக் கொட்டகை வேண்டாம், சூடு பேட்டரியின் சத்துரு. படுக்கையறை வேண்டாம். மாடிப்படிக்கு அடியிலும் வாசல் வழியிலும் வேண்டாம், ஏதாவது ஆனால் வெளியேறும் வழி அதுதான். ஈய பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வாயு வெளிவரும். காற்றில் அது நான்கு சதவீதம் சேர்ந்தாலே தீப்பற்றும். ஆகவே சமையலறைப் பக்கமும், விளக்கேற்றும் பூஜை அறைப் பக்கமும் கூடவே கூடாது. காற்றோட்டமான, நிழலான, சுவரோரமான இடம் சிறந்தது. தண்ணீர் ஏறும் பகுதி என்றால் தரையிலிருந்து உயரத்தில் வையுங்கள். மும்பை அன்பர்களுக்கு 2005 ஜூலை 26 மறந்திருக்காது. சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் பெய்தது.

பேட்டரிப் பக்கம் ஓடுவது டி.சி. மின்சாரம். ஏ.சி. மின்னோட்டம் வினாடிக்கு நூறு தடவை பூஜ்யத்தைத் தொடுவதால் ஸ்விட்ச்சில் எழும் பொறி அணைந்துவிடும். டி.சி.யில் அப்படி அணையாது. ஆகவே டி.சி.க்கென்றே செய்த எம்.சி.பி.யும் ஃப்யூஸும்தான் போட வேண்டும், ஃப்யூஸ் பேட்டரிக்கு அருகிலேயே இருக்க வேண்டும். 48 வோல்ட்டில் ஐந்து கிலோவாட் எடுத்தால் மின்னோட்டம் நூறு ஆம்பியரைத் தாண்டும். ஒயர் மெல்லியதாக இருந்தால் சூடாகும், இணைப்பு தளர்ந்தால் தீப்பிடிக்கும். எர்த் சரியாக இருக்கிறதா என்று ஐ.எஸ். 3043 தரப்படி அளந்து காட்டச் சொல்லுங்கள்.

விலைப்புள்ளி மூன்று இடத்தில் வாங்குங்கள். பேட்டரி எந்த ரசாயன வகை, மொத்த யூனிட் எவ்வளவு, அதில் எடுக்கக்கூடியது எவ்வளவு, எந்தத் தரச் சான்று என்பது எழுத்தில் வேண்டும். லித்தியத்துக்கு ஐ.இ.சி. 62619 சான்று உண்டா என்று கேளுங்கள். "6,000 தடவை சார்ஜ்" என்று விளம்பரம் சொல்லும், தினம் ஒரு தடவை என்றால் அது பதினாறு வருஷம். உத்தரவாதப் பத்திரத்தில் எத்தனை வருஷம் போட்டிருக்கிறது என்று பாருங்கள். அந்தக் கடைசி வருஷத்தில் கொள்ளளவு எத்தனை சதவீதம் மிஞ்சும் என்று உறுதி தருகிறார்கள் என்பதையும் பாருங்கள். இன்வெர்ட்டருக்கும் பேட்டரிக்கும் உத்தரவாதம் தனித்தனியாக இருக்கும். பழைய பேட்டரியைத் திரும்ப எடுத்துக்கொள்வார்களா என்றும் கேளுங்கள். 2022 பேட்டரிக் கழிவு விதிகளின்படி உற்பத்தியாளருக்கு அந்தப் பொறுப்பு உண்டு.

ஹைபிரிட் இன்வெர்ட்டர் போட்டவர்களுக்கு முக்கியமான ஒன்று. பல இன்வெர்ட்டர்களில், பில்லைக் குறைப்பதற்காக மாலையானதும் பேட்டரியிலிருந்து வீட்டை ஓட்டும்படி அமைத்து வைத்துவிடுகிறார்கள். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் விடியற்காலை மூன்று மணிக்குக் கரண்ட் போகும்போது பேட்டரி காலியாக இருக்கும். இன்ஷூரன்ஸுக்காக வாங்கிய பேட்டரி எப்போதும் நிரம்பியிருக்க வேண்டும். "குறைந்தது 80 சதவீதம் கையிருப்பு, மிச்சம்தான் தினசரிச் செலவுக்கு" என்று அமைத்துத் தரச் சொல்லுங்கள். அதை அவர் செய்வதைப் பக்கத்தில் நின்று பாருங்கள்.

"முழுவதும் சோலார், மின்வாரிய இணைப்பையே துண்டித்துவிடலாமா?" என்று இங்கே ஒரு அன்பர் கேட்டார். வேண்டாம். நான்கு நாள் தொடர்ந்து மேகம் போட்டால் அதற்கேற்ற பேட்டரி வாங்க வீட்டையே விற்க வேண்டியிருக்கும். ஒரு மாமி, "பேட்டரி இருந்தால் ஆக்சிஜன் சிலிண்டர் வேண்டாமா?" என்று கேட்டார். கட்டாயம் வேண்டும். எந்த இயந்திரமும் ஒரு நாள் நிற்கும். உயிர் சம்பந்தப்பட்ட இடத்தில் பேட்டரி ஒரு காவல், சிலிண்டர் இன்னொரு காவல்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். மாதம் ஒருமுறை, பகல் நேரத்தில், மெயின் ஸ்விட்சை அரை மணி நேரம் அணைத்துப் பாருங்கள். ஆக்சிஜன் இயந்திரம் உள்ள வீட்டில் சிலிண்டரைப் பக்கத்தில் தயாராக வைத்துக்கொண்டு, துணைக்கு ஒருவர் இருக்கும்போது செய்யுங்கள். எது ஓடுகிறது, எது நிற்கிறது, பேட்டரி எவ்வளவு இறங்கியது என்று குறித்து வையுங்கள். எந்த ஸ்விட்சை எப்படிப் போட வேண்டும் என்பதைப் பெரிய எழுத்தில் தமிழில் எழுதி இன்வெர்ட்டருக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். அடுத்த வீட்டுக்காரர் படிக்க அந்த ஊர் பாஷையிலும் ஒன்று. பெரும்பாலான வீடுகளில் இதெல்லாம் ஒருவருக்குத்தான் தெரிகிறது. அவர் ஊரில் இல்லாத நாளிலும், அவருக்கே உடம்பு முடியாத ராத்திரியிலும் கரண்ட் போகலாம். அடுத்த தடவை மெயினை அணைத்துப் பார்க்கும்போது, இதுவரை செய்யாதவர் கையால் செய்யச் சொல்லுங்கள்.